ஜோசப் டாக்டருக்குப் பொறுக்கிய ஏலக்காய்

போடிநாயக்கனூர்,
புரட்டாசி 6.

அன்பு மகன் பாண்டியராஜனுக்கு அப்பா எழுதுவது. உனக்கும் உன்னோடு ஒரே அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் உடம்பில் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். மருமகள் அமுதவள்ளி மதுரை ஆஸ்பத்திரியில் பேத்தி மகாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். மாற்றுத்துணியும் காப்பீட்டு அட்டையும் எடுத்துப் போக நான் மட்டும் நேற்று வீட்டுக்கு வந்தேன். சிலமலை சுருளிவேல் விடுப்பு முடிந்து நாளை மஸ்கட்டுக்குக் கிளம்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசலாமே என்று உனக்குத் தோன்றும். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் ஒண்ணும் ஆகாதுப்பா என்று நீ சொல்லிவிடுகிறாய், நானும் சரிப்பா என்று வைத்துவிடுகிறேன். மகாவை மதுரையில் சேர்த்த அன்றும் அப்படித்தான் ஆயிற்று. மச்சானிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றாய். அதற்குப் பிறகு நீ அனுப்பிய குரல் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எதிலும் வருகிறேன் என்ற சொல் இல்லை. எனக்குக் காது மந்தமோ என்று அமுதவள்ளியையும் கேட்கச் சொன்னேன். அவளுக்கும் கேட்கவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதினால்தான் எனக்கே தெளிவாக இருக்கும். நான் ஏதாவது தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் நீ வந்து திருத்து. போன வருஷம் ஆடியில் மகாவுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்து, மதுரையில் ரத்தப் புற்றுநோய் என்று சொன்னபோது நீ போனில் அழுதாய். அந்த அழுகை பொய்யில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதிலிருந்து பங்குனி வரைக்கும் அவளையும் அமுதவள்ளியையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் மதுரைக்குப் போய்வந்தது நான்தான். முதுகில் ஊசி போடும்போது அவள் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்வாள், அதில் பிய்ந்த பொத்தான்களை உன் அம்மா இருந்திருந்தால் தைத்திருப்பாள். முடி கொட்டியதும் தெருவில் கேட்பார்களே என்ற பயம் வந்தது. வீரபாண்டி ஆத்தாளுக்கு முடி இறக்கினோம் என்று சொல்லிவிடலாம் என்றது உன் மைத்துனன் வெள்ளைத்துரை. பொண்ணுப் புள்ள, நாளைக்கு யாரு கட்டுவா, வீட்ல இன்னொரு கொமரு வேற நிக்கிது என்று கல்யாணத்துக்கு நிற்கும் தன் தங்கை ஞானசெல்வியைக் காட்டிச் சொன்னான். நமக்கு எதற்கு வம்பு என்று நானும் தலையை ஆட்டினேன்.

பங்குனியில் டாக்டர் சுஜாதா, நோய் ரத்தத்தில் தெரியவில்லை, ஆனால் ஒளிந்திருக்கும், இனி இரண்டு வருஷத்துக்கு வீட்டிலேயே மாத்திரை, தினமும் ஒன்று, வாரத்துக்கு ஒரு நாள் வேறொன்று, மாதம் ஒருமுறை வந்து ரத்தம் பார்க்க வேண்டும், நடுவில் ஒரு நாளும் விடக்கூடாது என்று சொன்னார். எனக்கு விளங்கும்படி சொன்னார். ஏலக்காயை ஈரம் போகக் காய வைக்காமல் மூட்டை கட்டினால் மேலே பச்சையாகத் தெரியும், உள்ளே பூஞ்சை ஓடும். இத்தனை வருஷம் ஏலக்காய்க் கடையில் தரம் பார்த்தவனுக்கு அது புரியாமல் போகுமா? ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை கொடுப்பதை என் வேலையாக எடுத்துக்கொண்டேன். அவள் முகத்தைச் சுளித்து, தாத்தா இது பல்லி முட்டை மாதிரி இருக்கு, நீ ஒண்ணு தின்னு பாரு என்பாள்.

சித்திரையில் நீ போன் செய்து, பஸ்ஸில் கூட்டத்தில் சளி தொற்றிவிடும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறாரே, மச்சான் வீட்டில் மலைக்காற்று, வாசலில் ஜீப்பு, கோட்டயத்தில் நல்ல டாக்டர் இருக்கிறார், அங்கேயே மாதாமாதம் காட்டிக்கொள்ளலாம் என்றாய். நான் முதலில் தயங்கினேன். பிறகு என் தயக்கத்தையே சந்தேகப்பட்டேன். பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் ஆசையில் அவளுக்கு நல்லதைத் தடுக்கிறேனோ என்று நினைத்து, மாத்திரை அட்டைகளை எல்லாம் பையில் வைத்து நானே அவர்களை ஜீப்பில் ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ பேசினாய். கோட்டயத்து டாக்டர் பெயர் ஜோசப் என்றாய். தாடி வைத்தவர், குழந்தைகளிடம் பாட்டுப் பாடிக்கொண்டே ஊசி போடுவார் என்றாய். மகாவை மிடுக்கி, மிடுக்கி என்று கூப்பிடுகிறாராம், மலையாளத்தில் கெட்டிக்காரி என்று அர்த்தமாம். ரத்த எண்ணிக்கை நன்றாக இருக்கிறது என்று சொன்னாராம். நான் அதை எல்லாம் நம்பியது மட்டுமல்ல, மனதுக்குள் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அந்த மனுஷருக்கு நம்மால் என்ன செய்ய முடியும் என்று யோசித்து, கடைக்குப் போய் எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள காயாக, வெடிப்பு இல்லாமல், நிறம் மங்காமல், ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி ஒரு பொட்டலம் கட்டி வெள்ளைத்துரையிடம் கொடுத்தனுப்பினேன். அடுத்த ஞாயிறு நீ என்ன சொன்னாய் நினைவிருக்கிறதா? இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு காயைப் பார்த்ததில்லை என்று ஜோசப் டாக்டர் சொன்னார் என்றாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை நீ சொல்லியிருக்க வேண்டாம் பாண்டியராஜா. பொய்யை மறைக்க அந்தப் பொய் தேவையில்லை. நான் அந்தக் காயைப் பற்றிக் கேட்கக்கூட இல்லை. நீயாகவே சொன்னாய்.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள், சொல்லிக்கொள்ளாமல் மலைக்குப் போனேன். சொன்னால் வெள்ளைத்துரை ஜீப்பு அனுப்புவான், அவனுக்கு எதற்குச் சிரமம் என்றுதான், வேறு எண்ணம் எனக்கு இல்லை. போடிமெட்டு ஏறும்வரை மழை. தோட்டத்து வீட்டு வாசலில் மகா உட்கார்ந்திருந்தாள். தலை மொட்டை. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஜோசப் டாக்டர் பலமான மருந்தாகக் கொடுக்கிறார், பரவாயில்லை, கவனமான மனுஷர் என்று தோன்றியது. அவள் என் தலையைத் தடவி, ஒனக்கும் மொட்ட எனக்கும் மொட்ட, யாருது பெருசுன்னு அளந்து பாப்பமா என்றாள். சிரித்துக்கொண்டே மடியில் தூக்கினால் உடம்பு அனலாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. ஈறில் ரத்தக் கசிவு. இந்த அடையாளங்கள் எனக்குத் தெரியும், போன ஆடியில் பார்த்தவை. அமுதவள்ளியிடம் கோட்டயத்து ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜோசப் டாக்டரின் போன் நம்பராவது கொடு, நான் பேசுகிறேன் என்றேன். அப்போதுதான் வெள்ளைத்துரை உள்ளே வந்தான். எந்த ஜோசப்பு மாமா, மாப்ள சொன்ன ஜோசப்பா, அதெல்லாம் நீங்க மனசு வெசனப்படக் கூடாதுன்னு சும்மா சொன்னது, மாத்திரய சித்திரையிலயே நிப்பாட்டியாச்சு என்றான். ஏதோ மோட்டாரை நிறுத்தியதைச் சொல்வதுபோலச் சொன்னான்.

காரணத்தை அமுதவள்ளிதான் சொன்னாள். அழுகையும் பேச்சுமாகச் சொன்னாள். ஆத்தா பேரச் சொல்லி ஊரெல்லாம் பொய் சொல்லிட்டம் மாமா, அவளுக்கு எறக்காத முடிய எறக்குனோம்னு சொன்னா சும்மா விடுவாளா, அதான் சித்திரத் திருவிழாவுல போயி, வளந்ததும் மெய்யாவே எறக்குறோம், புள்ளய ஒன் கையில ஒப்படச்சிட்டோம்னு வேண்டிக்கிட்டம், ஒப்படச்ச பெறகு மாத்திரயும் குடுத்தா அவள நம்பலன்னுல்ல ஆயிரும் என்றாள். நான் போனதற்கு முந்தின மாதம் முடியை இறக்கியும் விட்டார்கள். நான் பார்த்தது மருந்தால் வந்த மொட்டை இல்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய்யை மெய்யாக்கினால் சாமி கோபம் தணியும் என்று பயந்திருக்கிறாள். படித்த நானே அந்தப் பொய்க்குத் தலையாட்டியவன். ஆனால் நீ? ஒங்க மகனும் சரின்னாக, முடிதான் வளர ஆரம்பிச்சிருச்சே, ரத்தமும் சரியாத்தான இருக்கு, ஞானசெல்வி கல்யாணம் வேற வருதுன்னாக என்று அவள் சொன்னபோது, இருக்காது, நீ தப்பாகக் கேட்டிருப்பாய் என்று அவளிடமே உனக்காக வாதாடினேன். அவள் போனை எடுத்து நீ அனுப்பியதைப் போட்டுக் காட்டினாள். உன் குரல்தான். அப்பாட்ட மட்டும் சொல்லிறாத, அவரு பயந்து ஊரக் கூட்டிருவாரு என்று இருந்தது. நான் ஊரைக் கூட்டுகிறவனா? என் வாழ்நாளில் ரேஷன் கடையில்கூட யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அதைத் தெரிந்த ஒரே ஆள் நீ என்று நினைத்திருந்தேன்.

இப்போதே மதுரைக்குக் கிளம்ப வேண்டும், ஜீப்பை எடு மாப்ளே என்று வெள்ளைத்துரையிடம் கேட்டேன். ஞானசெல்வி கல்யாணம் ஐப்பசியில, மாப்பிள்ள வீட்டுக்காரக நாளைக்குக் கை நனைக்க வர்றாக, இந்த நேரத்துல ரத்தத்துல நோயின்னு வெளிய தெரிஞ்சா கல்யாணம் நிக்கும், முடிஞ்ச மறுநாளு நானே கொண்டாந்து விடுறேன், சாதாரணக் காய்ச்சலு, கசாயம் குடுத்திருக்கு என்றான். கோட்டயத்து டாக்டருக்குக் கொடுத்த காய் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அந்த நேரத்தில் அதை ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அதுவா மாமா, நம்ம லாட்டோட கொட்டிக் கலந்து ஏலத்துக்கு விட்டாச்சு, நல்ல காயின்னு வெலயும் கூடத்தான் போச்சு என்று சிரித்தான். நான் சண்டை போடவில்லை. எனக்குப் போடத் தெரியாது. மகாவுக்குக் காதைச் சுற்றித் துண்டைக் கட்டினேன். தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினேன். பின்னால் அமுதவள்ளி பையோடு ஓடிவந்தாள். போ கழுத, போனா இந்தப் படி ஏறாத என்று அண்ணன்காரன் கத்தியது வளைவு திரும்பும் வரைக்கும் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அது காய் எடுக்கும் பெண்கள் வேலை முடிந்து இறங்கும் நேரம். பிச்சைமணி ஓட்டும் ஜீப்பு வந்தது. உனக்கு அவனைத் தெரியும், உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவனின் தம்பி. எடமே இல்ல பெரியவரே, ஏற்கெனவே கருவாடு மாதிரி அடுக்கி வச்சிருக்கு, அடுத்த வண்டியில வாங்க என்றான். அடுத்த வண்டியில் போனால் மதுரைக்கு மாலை ரயில் போய்விடும். புள்ளைக்கு என்ன, காய்ச்சலா என்று உள்ளே இருந்து ஒரு பெண் கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாய் போனது. பழக்கம் அப்படி. பிறகு ரத்தப் புற்றுநோய், மருந்தை நிறுத்திவிட்டோம், திரும்ப வந்துவிட்டது என்று சொன்னேன். அந்தச் சொல்லை ஆஸ்பத்திரிக்கு வெளியே நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அடி ஆத்தீ, ஒட்டிக்கிறுமா என்று ஒருத்தி சேலையை இழுத்துக்கொண்டாள். ஒட்டுறதுக்கு இதென்ன சொறியாடி, தள்ளி ஒக்காரு, கழுத்து மட்டும் நீளுது என்று இன்னொருத்தி அவளை இடித்தாள். போன வருசம் வீரபாண்டிக்கு முடியெறக்குனோம்னு சொன்னீகளே என்று மூன்றாவதாக ஒருத்தி அமுதவள்ளியைக் கேட்டாள். கேட்டவளே இறங்கிப் பின்னால் படியில் தொங்கிக்கொண்டு தன் இடத்தை அவளுக்குக் கொடுத்தாள். பிச்சைமணி வழியில் யாரையும் இறக்காமல், வெரசாப் போவோம், வையாதீக அக்கா என்று சொல்லிக்கொண்டே நேராகப் போடி ரயிலடியில் கொண்டுவந்து விட்டான். நாங்கள் மதுரை போய்ச் சேருமுன் இங்கே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊரைக் கூட்டுவேன் என்று நீ சொன்னது கடைசியில் சரியாகப் போயிற்று.

டாக்டர் சுஜாதா மகாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். மாதப் பரிசோதனை தவறியதும் ஆஸ்பத்திரியிலிருந்து பதிவில் இருந்த உன் நம்பருக்குப் போன் செய்தார்களாம். நீதான் எடுத்தாயாம். கோட்டயத்தில் ஜோசப் டாக்டரிடம் காட்டுகிறோம் என்று அவர்களிடமும் சொன்னாயாம். சரி, எங்கேயோ நன்றாக இருக்கிறாள் என்று விட்டுவிட்டோம் ஐயா என்றார். என்னை ஏமாற்றியது போகட்டும், நான் அப்பன், பொறுக்கலாம். அவளைத் தேடிக் கூப்பிட்டவர்களையும் திருப்பி அனுப்பிவிட்டாயே. மருந்துக்கு நோய் கேட்காமல் போகும் பிள்ளைகளைவிட, நல்லாயிருச்சு என்று நினைத்துப் பாதியில் வராமல் போகும் பிள்ளைகளால்தான் எங்களுக்குத் தூக்கம் போகிறது, வசதியான தேசங்களில் இந்த நோய்க்குப் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடுகிறார்கள், இங்கேயும் அதே மருந்துதான், கடைசிவரை வந்தால் இங்கேயும் பிழைப்பார்கள் என்று டாக்டர் சொன்னார். அந்த வார்டில் எனக்குத் தெரிந்த முகங்கள் இருக்கின்றன. பரமக்குடிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு தாய், எழுதப் படிக்கத் தெரியாதவள், போன வருஷம் மகாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் பையனை வைத்திருந்தவள், மாதம் தவறாமல் இன்னும் வருகிறாள். அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறானாம். உங்க புள்ள எப்பிடிய்யா இருக்கா என்று கேட்டாள். நான் குடிநீர்க் குழாயைத் தேடுவதுபோல நகர்ந்துவிட்டேன்.

இப்போது நிலைமை இது. நோய் திரும்பிவிட்டது. முதலில் இருந்ததைவிடக் கடினமான மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. மருந்துக்கு நோய் அடங்கினால், அதற்குப் பிறகு வேறொருவரின் எலும்பு மஜ்ஜையை ஏற்ற வேண்டும் என்கிறார் டாக்டர். கூடப்பிறந்தவர் இல்லாததால் தாய் தகப்பனில் யாருடையது பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். அமுதவள்ளி பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டாள். அவளுக்கு உடம்பில் சத்து குறைவாக இருக்கிறது, அப்பா இளவயது, திடமானவர் என்றால் அவர் வருவது நல்லது என்று சொன்னார். போன தடவை இருந்த அளவு நம்பிக்கை இந்தத் தடவை கொடுக்க முடியாது என்றும் சொன்னார். அதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நீ மலைத்துப்போய் வராமல் இருந்துவிடுவாயோ என்று மெதுவாக எழுதலாமா என யோசித்தேன். பிறகு, மெதுவாகச் சொல்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை உன்னிடமே பார்த்துவிட்டேன் என்று தோன்றியது.

ஞானசெல்வியின் மாப்பிள்ளை வீட்டார் கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று எனக்கு மனம் அடித்துக்கொள்கிறது. ஆனால் அவளே நேற்று எனக்குப் போன் செய்து, மாமா நான் கல்யாணத்துக்குக் காத்திருப்பேன், மகா காத்திருக்க மாட்டா, நீங்க செஞ்சதுதான் சரி என்றாள். உங்கள் எல்லாரிலும் சின்னவள் அவள். தெருவில் சிலர் என்னைப் பார்த்தால் கதவோரம் நின்று பேசுகிறார்கள், சிலர் ரத்தம் வேண்டுமா என்று கேட்டு வருகிறார்கள். பிச்சைமணி ஜீப்புக்காரர்களில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு மதுரைக்கு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனான். மறைத்திருந்தால் அந்த ரத்தத்தை நான் யாரிடம் கேட்டிருப்பேன்?

வரும்போது பாஸ்போர்ட்டோடு உன் விடுப்புக் கடிதத்தையும் முறையாக எழுதி வாங்கிக்கொள், கோபத்தில் வேலையை விட்டுவிடாதே, பின்னால் அது தேவைப்படும். மகாவுக்குப் பஞ்சு பொம்மை வாங்கி வராதே, வார்டில் விடமாட்டார்கள். மச்சானைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று நிற்காதே. என்னிடம் வந்து காரணம் சொல்ல வேண்டாம். நீ சொன்னால் நான் நம்பிவிடுவேன், அதுதான் எனக்குப் பயம். உனக்கு எப்படியாவது பாதிக் காரணமாவது இருக்கும் என்று இப்போதே எனக்குள் ஒருவன் தேடிக்கொண்டுதான் இருக்கிறான்.

நான் ஊருக்குக் கிளம்பும்போது மகா கேட்டாள். வாய்ப்புண்ணால் பேச முடியவில்லை, காதுக்குப் பக்கத்தில் வரச்சொல்லி, அப்பா வருவாரா தாத்தா என்றாள். வருவார் கண்ணு என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? உன்னை வளர்த்த காலத்திலிருந்து உன் சொல்லை நான் இன்னொருவரிடம் தயங்காமல் சொல்லியிருக்கிறேன். நேற்று முடியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். அதனால் வருகிறேன் என்று போனில் சொல்லாதே. டிக்கெட் எடு, உன் பெயரும் தேதியும் தெரியும்படி அதைப் போட்டோ எடுத்து அனுப்பு. அதைப் பார்த்த பிறகு அவளிடம் சொல்கிறேன்.

உன் உடம்பு திடமாக இருக்கட்டும், இந்தத் தடவை அது உனக்காக மட்டும் இல்லை. ஆத்தாளும் உன் அம்மாவும் உன்னை வழி தவறாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். சுருளிவேலிடம் பதில் எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

உன் அப்பா,
கன்னையன்.